ஞானத்தாயின் பால்

போர்வையை அவள் அப்படிச் செருகுவதில்லை.

இங்வில் கையில் விளக்கோடு குழந்தைத் தள்ளுவண்டியின் அருகே நின்றுவிட்டாள். ஊர் முறைப்படி பிள்ளையை வெளியே தூங்கப் போடும்போது போர்வையின் இரண்டு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிடுவது அவள் வழக்கம். காற்று நுழையக் கூடாது, அவ்வளவுதான். இப்போது மேல் ஓரம் உள்பக்கமாக மடிக்கப்பட்டு, பிள்ளையின் முகவாய்க்குக் கீழே சின்ன முடிச்சாகத் திருகப்பட்டிருந்தது. நேரம் நடுப்பகல்தான். ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிப்போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டதால் பனியின் மேல் நீல இருட்டு படுத்துக் கிடந்தது, கீழே கடல் கரையோரத்துப் பனிக்கட்டிகளை உரசிக்கொண்டிருந்தது, விளக்கில் எரிந்த மீன் எண்ணெயின் கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. ஐலிவ் அசந்து தூங்கினான். கன்னம் சிவந்திருந்தது. உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ உறைந்திருக்க, அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

பால்.

அவளுக்குப் பால் வற்றிப் பல நாளாகிவிட்டது. ஊரில் பசு கிடையாது, ஆடு கிடையாது. எல்லாவற்றையும் போன குளிர்காலத்திலேயே தின்று தீர்த்தாயிற்று.

பயந்திருக்க வேண்டும். பயமும் வந்தது, ஆனால் இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். அந்த முடிச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

கப்பல்கள் வருவது நின்று, கம்பிகளில் மின்சாரம் செத்து, தெற்கிலிருந்து காய்ச்சல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்த இந்த மூன்று வருடத்தில், அந்த நார்வேக் கடலோர ஊரில் பிறந்து தங்கிய ஒரே பிள்ளை ஐலிவ். ஞானஸ்நானம் கொடுக்கப் பாதிரியார்கூட மிஞ்சவில்லை. ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கிறவன் இங்வில்லின் கணவன் ஹால்வர்தான். அவனே பனியை உருக்கிப் பிள்ளையின் தலையில் ஊற்றினான். பிள்ளையை ஏந்தி நின்று, பெற்றவளால் முடியாத இடத்தில் நான் தாங்குவேன் என்று வாக்குக் கொடுத்த ஞானத்தாய், அடுத்த வீட்டு சுன்னிவா. சுன்னிவாவின் சொந்தப் பிள்ளை பிறந்த வாரமே போய்விட்டது. பால் போகவில்லை. இங்வில் காய்ச்சலில் கிடந்தபோது ஐலிவுக்கு அவள்தான் கொடுத்தாள். போர்வையை உள்பக்கமாக மடித்து, முகவாய்க்குக் கீழே முடிச்சாகத் திருகி அவனைத் தூங்கவைத்ததும் அவள்தான். காய்ச்சல் விட்டு இங்வில் எழுந்துபோய்க் கையை நீட்டினால், பிள்ளை முகத்தைத் திருப்பி சுன்னிவாவின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டான்.

“பழகிட்டான், அவ்வளவுதான். ரெண்டு நாள்ல உன்கிட்ட ஒட்டிக்குவான் பாரு” என்று சுன்னிவா சிரித்தாள். அந்தச் சிரிப்பை இங்வில் மன்னிக்கவே இல்லை.

பிறகு சுன்னிவாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளையை ஒரு தடவை கண்ணில் காட்டச் சொல்லி அனுப்பினாள். தொற்றிவிடும் என்று இங்வில் மறுத்துவிட்டாள். தொற்றும், அது உண்மைதான். ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகக் காட்டியிருக்கலாம். அதற்கும் மனம் வரவில்லை. சுன்னிவா செத்தபோது நிலம் இரும்பாக இறுகிக் கிடந்தது. குளிர்காலத்தில் போகிறவர்களை எப்போதும் செய்வது போல அவளையும் பழைய பாய்மரத் துணியில் சுற்றி, கரையிலிருக்கும் படகுக் கொட்டகையில் மற்றவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் கிடத்தி, நிலம் இளகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள்.

அடுத்த நாளும் அதே முடிச்சு. அதற்கடுத்த நாளும். பிள்ளை பளபளவென்று தேறிக்கொண்டிருந்தான்.

அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த யோருனின் கண்ணிலும் அது பட்டது. போன வருடம் மகளைப் பறிகொடுத்தவள் அவள்.

“உன் வீட்டுல என்னதான் சமைக்கறே? எங்களுக்கும் சொல்லேன். நாங்கெல்லாம் கருவாடா காஞ்சு கெடக்கோம், இவன் வெண்ணெய் உருண்டையா உருள்றான்!” குனிந்து அவன் பாதத்தைக் கிள்ளினாள். “ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு அனுப்பு. கடிச்சுத் தின்னுட மாட்டேன்.”

இங்வில் பிள்ளையை வெடுக்கென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யோருன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லா இரு, தாயே” என்று சொல்லிவிட்டு நெருப்புச் சட்டியோடு போய்விட்டாள்.

ஹால்வர் முதுகைக் காட்டி உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். இங்வில் அந்த முதுகிடம் சொன்னாள்.

“யாரோ அவனுக்குப் பால் குடுக்கறாங்க.”

“பிள்ளை தேறிட்டான் இல்ல? கர்த்தருக்கு நன்றி சொல்லு. போதும்.”

“கர்த்தருக்குப் போர்வையில முடிச்சுப் போடத் தெரியுமா?”

ஊசி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. அவன் திரும்பவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதே அவளுக்கு உறைத்தது.

மறுநாள் அவள் பிள்ளையை வெளியே விடவில்லை. கதவைத் தாழிட்டு அடுப்போரமாக மடியில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் தூங்குகிற பிள்ளை நோஞ்சானாகிவிடும் என்பது ஊரின் நம்பிக்கை, அவளுடைய நம்பிக்கையும்கூட, இருந்தாலும் விடவில்லை. விறகு வெடிக்கும் சத்தமும், கூரையிலிருந்து பனி சரியும் சத்தமும், பிள்ளையின் மூச்சும் ஒன்றோடொன்று கலந்து அவளுக்கே கண் செருகிக்கொண்டு வந்த வேளையில், சுவருக்கு அந்தப் பக்கம் அது தொடங்கியது. வெற்றுத் தள்ளுவண்டியின் கம்பிச் சுருள் அழுந்தி எழும் ஒலி. கிரீச். கிரீச். அவசரமே இல்லாமல், ஒரே அளவாக. பிள்ளை கண் விழித்தான். சத்தம் வந்த சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பி வாயைத் திறந்தான்.

“நான் இங்க இருக்கேன்டா. என்னைப் பாரு.”

அவன் பார்க்கவில்லை. மீனும் உருளைக்கிழங்கும் கரைத்த கஞ்சியைத் துப்பினான். வற்றிய மார்பைக் கொடுத்தால் ஈறால் கடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி ஆடிக்கொண்டே இருந்தது. இப்படியே நாட்கள் போயின. அவன் அழுகை தேய்ந்து முனகலாயிற்று. கன்னத்துச் சதை இறங்கி, கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. அப்போதுகூட அவன் பார்த்தது சுவரைத்தான்.

ஹால்வர் வந்து அவள் எதிரில் நின்றான். “அவனை வெளிய போடு, இங்வில்.”

“மாட்டேன்.”

“செத்துடுவான்.”

“என் கையில சாகட்டும்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. ஹால்வர் தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய உடம்புக்காரன், அடுப்பு வெளிச்சத்தில் சின்னப் பையனாகத் தெரிந்தான்.

“நான்தான் அவளைக் கூப்பிட்டேன்” என்றான். “கொட்டகைக் கதவுக்கு வெளிய முட்டி போட்டு, ஞானஸ்நானத்து அன்னிக்கு அவ குடுத்த வாக்கை அவளுக்கே வாசிச்சுக் காட்டினேன்.”

“ஆண்டவர்கிட்டக் கேக்கத் தோணலையா? ஊருக்கெல்லாம் வாசிக்கறவன்தானே நீ?”

“ஒரு மாசம் கேட்டேன். பதில் வரல. அவ அன்னிக்கே வந்துட்டா.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “பாவம்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். அவன் பொழைக்கணும். என் ஆத்துமா எப்படியாவது போகட்டும்.”

“அவளையா? உனக்கு வேற யாருமே கெடைக்கலையா? எத்தனை பேர் கெடக்காங்க அங்க! அவளையா கூப்பிட்டே?”

ஹால்வர் அவளைப் புரியாமல் பார்த்தான். செத்தவள் எழுந்து வந்ததைப் பற்றி இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் கிடந்த பிள்ளை இருமினான், இருமலில் வலுவே இல்லை. அந்த இருமல்தான் இங்வில்லை அசைத்தது. எழுந்து போய்த் தாழைத் திறந்தாள். அவனை வண்டியில் படுக்கவைத்து, போர்வையின் இரண்டு ஓரத்தையும் தன் வழக்கப்படி இறுக்கிச் செருகினாள். ஹால்வரை உள்ளே போகச் சொன்னாள். அவள் மட்டும் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வெகுநேரம் எதுவும் இல்லை. கடல் உரசிக்கொண்டிருந்தது. விறகின் ஈர வாசனையும், தன் கம்பளிச் சட்டையில் ஊறியிருந்த புகை வாசனையும்தான் இருந்தன. பிறகு அவற்றுக்கு அடியிலிருந்து, படகுக் கொட்டகையின் சுவரில் பூசிய தார் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கொட்டகை தூரத்தில், கீழே கரையில் இருக்கிறது. வாசனை அருகில் இருந்தது. அப்புறம் ஒரு சின்னச் சத்தம். பின்னிய கூந்தல் உறைந்து, ஒரு பின்னல் இன்னொன்றில் தட்டும் சத்தம்.

டிக்.

டிக்.

வெறும் பாதங்கள் பனியில் நடந்தன. பாய்மரத் துணி பின்னால் இழுபட்டு வந்தது. தலை குனிந்தே இருந்ததால் முகம் தெரியவில்லை. அவள் வண்டிக்கு மேல் கவிந்து, இங்வில் செருகிய போர்வையை ஒரு ஓரமாக, பிறகு மறு ஓரமாக, பொறுமையாக உருவி எடுத்தாள். ஐலிவ் இரண்டு கையையும் மேலே தூக்கினான். இங்வில்லுக்கு அவன் ஒருநாளும் அப்படிக் கை தூக்கியதில்லை.

“மம்மா” என்றான்.

அவன் பேசிய முதல் வார்த்தை அது.

இங்வில் அலறவில்லை. அலறினால் பிள்ளை திரும்பிப் பார்ப்பான், பார்த்துவிட்டு முகம் சுளிப்பான்; அதை அவளால் தாங்க முடியாது. விறகுக்குப் பின்னாலிருந்து நழுவி, கரைக்குப் போகும் சரிவில் இறங்கினாள். சுன்னிவா எப்படியும் தன் பலகைக்குத் திரும்பித்தானே ஆகவேண்டும், திரும்பி வரட்டும், அங்கே வைத்துக் கேட்டுவிடுகிறேன், செத்த பிறகும் உனக்கு அடங்கவில்லையா என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறேன்.

கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தாரும் உப்பும் மணத்தன. பலகைகளில் துணிமூட்டைகளாக அவர்கள் கிடந்தார்கள். யார் யார் என்று நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம். நடுவில் ஒரு பலகை காலியாக இருந்தது. இங்வில் அதில் உட்கார்ந்தாள்.

காத்திருந்தாள். முதலில் விரல்கள் வலித்தன. பிறகு கால்கள். பல் தட்டிக்கொண்டது, தட்டித் தட்டி ஓய்ந்தது. போய்விடலாம் என்று ஒருமுறை தோன்றியது. போனால் அவள் ஜெயித்துவிடுவாள். பலகையில் மெல்லச் சாய்ந்தாள். கொஞ்ச நேரம்தான். அவள் வரும் சத்தம் கேட்டதும் எழுந்துவிடலாம்.

கண் விழித்தபோது குளிரவில்லை.

துளிக்கூடக் குளிரவில்லை. உடம்பு லேசாக இருந்தது. காலணி எங்கோ போயிருந்தது, அதனால் என்ன. சட்டையின் முன்பக்கம் எதனாலோ கனத்தது. தொட்டுப் பார்த்தாள். நனைந்து, நனைந்த இடம் விறைத்துப்போய், அதன் மேல் மறுபடி நனைந்துகொண்டிருந்தது.

பால்.

இங்வில் சிரித்துவிட்டாள். எனக்கும் வந்துவிட்டது! சிரித்த வாயிலிருந்து மூச்சு புகையாக வரவில்லை. அதை அவள் கவனித்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரிவில் ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. கால் வழுக்கவில்லை. மேலே வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிந்தது. வண்டி தெரிந்தது. வண்டிக்குப் பக்கத்தில் அவள். இன்னும் போகாமல். மடியில் என் பிள்ளை.

“குடு.”

சுன்னிவா தலை நிமிர்ந்தாள். இமைகளில் பனி உறைந்திருந்தது. பிள்ளையை இன்னும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“குடுடி. எனக்கும் வந்துடுச்சு. பாரு. குடு.”

இங்வில் அவன் கையைப் பிடித்தாள். சின்னக் கை. சூடாக இருந்தது, சுட்டுவிடும் அளவுக்கு. ஐலிவ் அவளைப் பார்த்தான். கடைசியில் அவளைத்தான் பார்த்தான். வீறிட்டான்.

சுன்னிவா மறு கையைப் பிடித்தாள்.

கதவு திறந்தது. ஹால்வர் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். வெளிச்சம் ஒரு முகத்தில் விழுந்து, மற்ற முகத்துக்குப் போய், திரும்பி வந்தது. இருவரையும் ஒரே மாதிரிதான் பார்த்தான்.

“விடுங்க” என்றான். “ஐயோ, யாராவது ஒருத்தி விடுங்களேன்.”

இங்வில் இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. பிள்ளைச் சட்டையின் தையல் பிரியும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது தையலின் சத்தம் இல்லை.

இருவரும் விடவில்லை.