அரைக்கட்டை தூரம்

"முதல்ல உங்க பியானோவைச் சரி பண்ணுங்க!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. இரண்டு மணி நேரமாக ஒவ்வொரு கம்பியாக முறுக்கி, அப்போதுதான் சுருதி சேர்த்து முடித்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

மாலை இசை வகுப்புக்கு அன்று சீக்கிரமே வந்திருந்தாள். கையில், நூலகம் குப்பைக்கு ஒதுக்கிய பெட்டியிலிருந்து மீட்ட இசைத்தாள். கிளாரினெட்டும் பியானோவும் சேர்ந்து வாசிக்க வேண்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் காலத்து மேற்கத்திய இசை. நூறு வருஷமாக யாரும் சீண்டவில்லை. "பியானோ பகுதியைக் கொஞ்சம் வாசிக்கறீங்களா?" என்று அவள்தான் கேட்டாள். வாசித்தான். அவள் கிளாரினெட்டை ஊதினாள். இரண்டும் சேர்ந்ததும்... பூனைச் சண்டை!

அவன் எட்டி அவளுடைய தாளைப் பார்த்தான்.

"இது ஏ கிளாரினெட்டுக்கு எழுதினதுங்க. உங்க கையில இருக்கறது பி ஃபிளாட். சுருதி அரைக்கட்டை ஏறித்தான் கேக்கும்."

தாளின் மேல் ஓரத்தில் எறும்பு மாதிரிப் பொடி எழுத்து. பத்துத் தடவை பார்த்தும் கண்ணில் படவில்லை. அவள் சட்டையில் குத்தியிருந்த மூக்குக்கண்ணாடிக் கடை பேட்ஜை அவன் கவனித்துவிட்டான்.

"நல்லவேளை, நான் உங்க கடையில கண்ணாடி வாங்கல!"

மழைக்கு முந்தைய வெளிச்சம் மாதிரி ஒரு சிரிப்பு அந்தக் கண்களில்... அவள் கோபம் பாதியிலேயே நின்றுபோனது.

வாசலில் வாத்தியார். "அந்தப் பழைய பேப்பரை இன்னும் விடலையா? பேர் தெரியாதவன் பாட்டை யாரும்மா கேப்பாங்க?"

"கேக்க வெச்சாதானே சார் பேர் தெரியும்?"

"வாய்க்குக் குறைச்சல் இல்ல. அடுத்த வியாழக்கிழமை ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. ஒட்டலைன்னா நம்ம ஆண்டு விழாவுல கிடையாது."

அவர் போனதும் அவன் பியானோ பகுதித் தாள்களை எடுத்துக்கொண்டு மெல்லச் சொன்னான். "நான் வந்து வாசிக்கறேன். ஆனா உங்க பகுதி..."

"அது என் பாடு!"

ஒரு வாரம் மதிய இடைவேளைகளில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, பதினான்கு பக்கத்தையும் அரைக்கட்டை இறக்கி எழுதினாள். மூன்று முறை சரிபார்த்தாள். அப்படியும் சந்தேகம் தீரவில்லை.

வியாழக்கிழமை. ஜன்னலில் மழை. மூச்செடுத்து ஊதினாள். முதல் சுரமே... மறுபடியும் பூனைச் சண்டை!

"நான் இறக்கி எழுதிட்டேனே!"

"ஐயையோ... நான் ஏத்தி வாசிக்கறேனே!"

"அது என் பாடுன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க. அதுக்காக பதினாலு பக்கம் நீங்க எழுதணுமா? வாரம் பூரா மனப்பாடம் பண்ணினேங்க..."

வாத்தியார் எழுந்துவிட்டார். "போதும்மா."

"போதாது சார்!" அவள் குரல் இறங்கவில்லை. "நூறு வருஷம் இந்தப் பாட்டு காத்துக்கிட்டிருக்கு. நீங்க பத்து நிமிஷம் உக்காருங்க."

வாத்தியார் உட்கார்ந்தார். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அச்சுல இருக்கறபடி வாசிங்க. நான் ஏற்கெனவே இறங்கிட்டேன்."

இந்த முறை கிளாரினெட் தயங்கித் தயங்கிக் கேட்டது... பியானோ தாழ்ந்த குரலில் பதில் சொன்னது. இடையில் மழை நின்றது யாருக்கும் தெரியவில்லை.

முடிந்ததும் வாத்தியார் எழுந்தார். "கடைசிப் பாட்டா வெச்சுக்கலாம். இதுக்கப்புறம் வேற எதுவும் எடுபடாது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அவள் இசைத்தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். இதையும் மூன்று முறை யோசித்தால் சொல்லவே முடியாது...

"சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. உங்களைப் பிடிச்சிருக்கு. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, பாட்டை மட்டும் வாசிப்போம்."

அவன் காது மடல் சிவந்துவிட்டது.

"வேண்டாம்னு சொல்றவனா... பதினாலு பக்கத்தையும் அரைக்கட்டை தூக்கிக்கிட்டு வந்தேன்?"