இடப்பக்க இருக்கை

பக்கத்து இருக்கையில் ஆளில்லை. பெல்ட் போடச் சொல்லி மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

றிஸான் முதலில் தன் கமெராப் பையைத்தான் குற்றஞ்சொன்னான். பாரமாக எதையாவது வைத்தால் ஆள் ஏறிவிட்டதென்று நினைத்துக் கத்துவது இந்தக் காலத்துக் கார்களின் புத்தி. பையை எடுத்துக் காலடியில் போட்டான். மணி நிற்கவில்லை.

கரடியனாற்றைத் தாண்டி, வயல் வட்டைக்கு நடுவே, ஆளரவமில்லாத இடத்தில் காரை ஓரங்கட்டியிருந்தான். மச்சான் இர்ஷாத் கட்டாரில் இருந்தபடியே ஜப்பானிலிருந்து இறக்கிய கார். இரண்டே இருக்கைகள், நிலத்தோடு ஒட்டிய சிவப்பு உடம்பு. பழைய மொடலை அடியோடு மாற்றிப் புதிதாகச் செய்திருந்தார்கள். "ஓட்டிப் பாத்து உன்ட சேனல்ல போடு மச்சான்" என்று இர்ஷாத் சொன்ன நாளிலிருந்து றிஸானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாகனங்களைப் பற்றி வீடியோ போட்டுப் பிழைப்பவன் அவன்.

போகும்போது கமெராவுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. "கியர் கைக்குள்ள அடங்குது. ஸ்டியரிங் பழசை விடக் கூர்மை. ஒண்டு மட்டும், கனமில்லாத கார், தனிய ஓட்டினா வலப்பக்கம் கொஞ்சம் சாயும்."

திரும்பும் வழியைப் பதியத்தான் கமெராவை மாட்டினான். மணி ஒலியைக் கெடுத்தது. எரிச்சலோடு பெல்ட்டை இழுத்து, வெறும் இருக்கையின் குறுக்கே கொளுவிவிட்டான். ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். மணி நின்றது.

"சரி, நீங்களும் வாங்க" என்று இருக்கையைப் பார்த்துச் சிரித்தான்.

போன் அடித்தது. நிஸ்றா. அவன் மனைவி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை பார்க்கிறாள். செங்கலடிச் சந்தியில் அவளை ஏற்றிக்கொண்டு ஏறாவூருக்குப் போக வேண்டும்.

"இஞ்சேருங்க, சந்திக்கு வந்திட்டன். தூறுது. கெதியா வாங்க."

"வாறன் புள்ள."

இருட்டும் மஃரிப் நேரத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி றோட்டில் நிற்பது அவன் மனதை உறுத்தியது. மூன்று வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை அது. காரை விரட்டினான்.

தவளைச் சத்தமும் எஞ்சினின் உறுமலும் திறந்திருந்த கண்ணாடி வழியே ஒன்றாகக் கலந்து வர, நனைந்த வைக்கோலும் சேறும் மணக்க, இருட்டிக்கொண்டு வந்த வயல்களுக்கு நடுவே சிவப்புக் கார் வழுக்கிக்கொண்டு போனது, போகும்போது இருந்ததை விட அருமையாக, வளைவுகளில் ஒரு துளி அசைவில்லாமல், யாரோ பார்த்துப் பார்த்துத் தராசைச் சரிசெய்த மாதிரி. அதைக் கமெராவுக்குச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

கார் வலப்பக்கம் சாயவில்லை.

காற்றாக இருக்கும், பாதையின் மேடாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். ஆனால் அவன் பிழைப்பே உட்காரும் இடத்தில் உணர்வதை வைத்துக் காரை அளப்பதுதான். இருவர் ஏறிய கார் எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். இப்படித்தான் போகும்.

எருமையொன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தான். பக்கத்துப் பெல்ட் விறைத்து நின்றது. இருக்கையோடு படிந்து கிடந்த பெல்ட் இப்போது முன்னால் தள்ளி, வளைந்து, எதையோ கட்டிப் பிடித்திருந்தது.

கண்ணாடியை ஏற்றினான். காருக்குள் நெடுநாள் தண்ணீரில் கிடந்த துணியின் வாடை. பயந்துவிட்டான், அதை மறைக்க அங்கே யாருமில்லை. காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினான். நடுவில் மறந்தது. திரும்பத் தொடங்கினான்.

கையை மட்டும் நீட்டிக் கொளுக்கியை அமர்த்தினான். கழன்றது. மணி மறுபடி அடித்தது. பெல்ட் உள்ளே சுருளவில்லை. வளைந்தபடியே நின்றது.

இறங்கி ஓடலாம். யானை இறங்கும் பாதை, யானை இறங்கும் நேரம். சந்திக்கு முந்தியே காரைப் பூட்டிப் போட்டுவிட்டு நிஸ்றாவை ஓட்டோவில் கூட்டிப்போவது என்று முடிவெடுத்தான். அவள் இதில் ஏறக்கூடாது. அது ஒன்றுதான். அவளுக்கு அழைத்தான். எடுக்கவில்லை.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே வந்தது.

செங்கலடி வெளிச்சம் தெரிந்தது. கடைகளுக்கு முன்பே ஓரங்கட்டினான். ஆனால் அந்தச் சிவப்பு எங்கே ஒளியும்? குடையை மடக்கிக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, நிஸ்றா சிரித்துக்கொண்டு காரடிக்கு வந்துவிட்டாள்.

கதவைப் பூட்டக் கை போனது. பழைய மொடலில் பூட்டு இருந்த இடம். இதில் அது கண்ணாடிச் சுவிட்ச். கண்ணாடி இறங்கியது.

"ஏறாத புள்ள."

பஸ்ஸின் ஹோர்னில் அவன் குரல் போய்விட்டது. அவள் கதவைத் திறந்து, மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள்.

இடப்பக்கம் தாழ்ந்தது. ஒருத்தி உட்கார்ந்தால் தாழ்வதை விட அதிகமாக.

"சீட் ஈரமா இருக்கு" என்றாள். "சூடாவும் இருக்கு. ஆரு இருந்த?"

"இறங்கு."

"என்ன?" மணியைக் கேட்டுப் பெல்ட்டை இழுத்தாள். வரவில்லை. "எட்டுதில்லையே. உங்கட புள்ள இவ்வளவு பெருசாகிட்டா?" சிரித்தாள். விட்டுவிட்டு இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"நிஸ்றா, இறங்கு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவள் கைகளைப் பார்த்தான். இரண்டும் வயிற்றின் மேல்தான் இருந்தன.

பெல்ட் அசைந்தது. அவள் தோளைத் தாண்டி, மார்பைத் தாண்டி, அவளுடைய கைகளுக்கு மேலாக மெல்ல இழுபட்டு வந்தது. வயிற்றை இறுக்கியது.

கொளுவியது.

மணி நின்றது.