மூடி உருண்டு ஓடிய சாயங்காலம்

அம்மா பக்கத்து அறைக்குப் போனதும் குருவிக்குக் கை பரபரத்தது. ஓரிடத்தில் உட்காரவே மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் குருவி.

அது அம்மா வேலை செய்யும் ஆய்வுக்கூடம். மேசை மேல் ஒரு ஐஸ் பெட்டி. அதற்குள் சுண்டுவிரல் அளவில் ஒரு குழாய். "எதை வேணா பாரு, அதை மட்டும் தொடாதே. காத்துப் படக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? மெல்லக் குழாயின் மூடியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. 'இதுக்கா இவ்வளவு பந்தா?' என்று நினைப்பதற்குள் மூடி கைநழுவி உருண்டு ஓடியது.

தவழ்ந்து தவழ்ந்து தேடினாள். நாற்காலிக்கு அடியில் இல்லை. குப்பைக்கூடைக்குப் பின்னாலும் இல்லை. கடைசியில் அலமாரிக்கு அடியில் அகப்பட்டது. அவள் குழாயை மூடி வைப்பதற்கும் அம்மா உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

"ஏன்டி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"சும்மாதாம்மா."

அம்மா குழாயைப் பத்திரமாக ஃப்ரிட்ஜில் வைத்தாள். "ஒரு வருஷ உழைப்பு கண்ணு இது. நாளைக்குத்தான் பெரிய சோதனை."

விளக்கு அணைந்தது. கதவு பூட்டப்பட்டது. குருவி அம்மாவின் பின்னால் நடந்தாள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நாளைக்கு அம்மாவின் முகம்?

பாதிப் படி இறங்கியதும் அவள் நின்றுவிட்டாள்.

"அம்மா, நான் அதைத் திறந்துட்டேன். மூடி விழுந்துடுச்சு. தேடி எடுக்கற வரைக்கும் திறந்தேதான் இருந்துச்சு."

அம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, சோதிப்பதற்கென்று வைத்திருந்த வேறொரு திரவத்தின் சொட்டோடு கலந்தாள். "நல்லா இருந்தா பச்சையா மின்னும்."

மின்னவில்லை.

"அதுக்கு என்னம்மா ஆச்சு?"

"இது ஒரு புரதம். வெளியே இருந்து வர்ற சேதியை வாங்கி செல்லுக்குள்ள குடுக்கும். ஆக்சிஜன் பட்டா அதோட ரெண்டு கையும் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும். உருவமே மாறிடும். அப்புறம் எந்தக் கையால சேதியை வாங்கும்?"

"பிரிச்சு விட முடியாதா?"

"இப்பன்னா முடியலாம். விடியற வரைக்கும் விட்டா ஆக்சிஜன் இன்னும் ஏறிடும். அப்புறம் எந்த மருந்துக்கும் அசையாது."

அம்மா ஒரு புட்டியைத் திறந்தாள். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. குருவி இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கவலைப்படாதேம்மா. மூக்கைப் பொத்தறதுக்காவது அது கையை விட்டுடும்."

அம்மா சிரிக்கவில்லை. மருந்தைக் கலந்துவிட்டுக் காத்திருந்தாள். குருவி மூச்சுவிடக்கூடப் பயந்தாள். மறுபடியும் ஒரு சொட்டு. இருட்டாகவே இருந்தது. பிறகு ஓரத்தில் லேசாக ஒரு பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு முழுவதும் மின்னியது.

அம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன்னைத் திட்டணும். நாளைக்குத் திட்டறேன், இப்ப பசிக்குது."

பேருந்தில் நல்ல கூட்டம். ஆனால் அவர்கள் ஏறியதும் சுற்றியிருந்தவர்கள் மூக்கைச் சுளித்தபடி நகர்ந்துபோனார்கள். குருவி ஜன்னலோரத்தில் ஜம்மென்று உட்கார்ந்து, அம்மாவின் மடியில் காலை நீட்டிக்கொண்டாள்.