சனிக்கிழமை விமானத்தில் ஒரு துணை

சுபாங்கன் பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவின் அந்த வடகோடி ஊரின் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான். அதுதான் விமான நிலையமாம்! நிறைமாத மனைவி வினுஷாவைச் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில், அவளுடைய அம்மாவோடு விட்டுவிட்டு, ஒப்பந்தத்துக்கு நர்ஸ் வேலை பார்க்க வந்தவன். நாள் கிடக்கிறதென்று நம்பியிருந்தான். இன்று காலையே அவளுக்கு நோவு தொடங்கி, பக்கத்திலிருந்த பரமட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பக்கத்து ஊருக்குப் போனால்தான் சிட்னி விமானத்தைப் பிடிக்கலாம். வீதியால் முந்நூறு கிலோமீற்றர், அதுவும் வெள்ளத்தில் மூடிக் கிடந்தது. சின்ன விமானத்தில் ஐம்பது நிமிடம்.

அதில் மிச்சமிருந்த ஒரே இருக்கைக்குப் பின்னால், விடியப்புறம் காலமான கிழவர் ஒருவரின் உடலை ஸ்ட்ரெச்சரில் பட்டி போட்டு இறுக்கியிருந்தார்கள். உற்றார் உறவினர் யாரும் இல்லாதவராம்.

அதைக் கேட்டதும் வினுஷாவின் அம்மா, ரஞ்சிதம் மாமி, போனில் பதறினார்.

“தம்பி, இண்டைக்குச் சனிக்கிழமையெல்லே! சனியில செத்தவை துணை தேடுவினம். துணைக்குப் பக்கத்தில ஒரு தேங்காயாவது வையுங்கோ.”

“இந்தக் காட்டுக்குள்ள தேங்காய்க்கு எங்க மாமி போறது?”

படித்தவன் இதையெல்லாம் நம்புவானா? நம்பவில்லைதான். ஆனாலும் எதிர்க்கடையில் தேங்காய்ப்பால் டின் ஒன்றை வாங்கி, பைலட் பெண் பார்க்காத நேரம் உடலின் ஓரமாகச் செருகிவிட்டான். முழுத் தேங்காய் இல்லையென்பதைக் கிழவர் கண்டுகொள்ளமாட்டார் என்றொரு நப்பாசை.

விமானம் மேலெழுந்து சாம்பல் முகிலுக்குள் புகுந்தது. எரிபொருள் மணத்துக்கு அடியில் ஈர மண் மணத்தது. நேரம் காட்டும் திரையில் ‘இன்னும் இருபது நிமிடம்’ என்று வந்தபோது அவன் கண்ணை மூடி வினுஷாவை நினைத்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தான்.

இருபது நிமிடம்.

முகில் நகர்ந்தது. எஞ்சின் இரைந்தது.

இருபது நிமிடம்.

பைலட் திரையைத் தட்டிப் பார்த்தாள். எதிர்க்காற்றே இல்லையே, எரிபொருள் மட்டும் இறங்குகிறதே என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

பின்னால் ஒரு பட்டி கழன்றது. டின் உருண்டு வந்து அவன் காலில் முட்டியது.

பிறகு, கழுத்தோரம் குளிர்ந்த மூச்சு.



“ஐயா, என்னை விட்டிடுங்கோ,” என்று கிசுகிசுத்தான். “பரமட்டாவில எனக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. முதல் பிள்ளை, ஐயா.”

மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது.

திரையில் இரண்டு நிமிடம். கீழே ஓடுபாதை தெரிந்தது. பைலட் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை பரமட்டா ஆஸ்பத்திரியின் வார்டுக்குள் அவன் ஓடிவந்தான். வினுஷா களைத்துப்போய்ச் சிரித்தாள்.

“பொம்பிளைப் பிள்ளையப்பா. ஏன் பிந்தினீங்கள்? உங்களோட பிளேனில வந்த அங்கிள் அப்பவே வந்திட்டார். பாவம், ஆரும் இல்லாத மனுசன். பிள்ளையில நல்ல ஆசை.”

சுபாங்கன் தொட்டிலைப் பார்த்தான். துணி மட்டும் கிடந்தது.

“பிள்ளை எங்க?”

“அவர்தான் வைச்சிருக்கிறார். உங்களுக்குப் பின்னாலதானே நிக்கிறார்.”

அவன் முதுகுக்குப் பின்னால் குழந்தை மெல்லச் சிணுங்கியது.