கடலுக்கு விட்ட பங்கு

காலை ஆறு மணிக்கு, உயரம் அளக்கும் டிரோனான அளவி கடலைத் தடுக்கும் மண்கரைக்கு மேலே தாழப் பறந்து வந்தது. வழக்கம்போல ஒவ்வொரு பங்கின் உயரத்தையும் உரக்கச் சொன்னது.

"பங்கு நூற்றுப் பதினேழு, பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைவு. நூற்றுப் பதினெட்டு, பதினான்கு சென்டிமீட்டர் குறைவு. இறுதி அளவு இன்று மாலை நான்கு மணி."

முதலாவது ஆதிரையின் பங்கு. அடுத்தது ரிஸ்வானாவின் பங்கு. கடல் ஏறத் தொடங்கியதிலிருந்து, கரையோரம் நிலம் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு நாற்பது மீட்டர் நீளக் கரையை உயர்த்தியாக வேண்டும். இறுதி அளவில் உயரம் எட்டாத பங்கும் அதன் பின்னாலுள்ள நிலமும் கடலுக்கு விடப்படும். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய சின்ன டிராக்டர்தான் அவர்களுடைய நம்பிக்கை. அதன் முன்னால் மண் அள்ளித் தூக்கும் லோடர் நேற்றிலிருந்து மண் நிறைந்த பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க மறுத்தது.

டிராக்டரின் பழுதைக் கண்டறியும் தன்னாய்வி ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. "ஆயில் பம்ப் பழுது. மாற்றுப் பம்ப் ஒன்பது நாளில் வரும்."

"பம்பு போயிருந்தா காலி பக்கெட்டு இப்படித் துள்ளிக்கிட்டு ஏறுமா?" என்றாள் ஆதிரை.

ஆயில் அளவு சரியாக இருந்தது. நுரையில்லை, நிறமும் மாறவில்லை. மண்ணோடு பக்கெட்டை முழங்கால் உயரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்கள். கால் மணி நேரமாகியும் அது இறங்கவில்லை. அப்படியானால் சிலிண்டரில் கசிவில்லை. மறுபடி இன்ஜினை ஓட்டித் தூக்கிப் பார்த்தபோது, வால்விலிருந்து ஆயில் தொட்டிக்குத் திரும்பும் குழாயை ரிஸ்வானா தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"கொதிக்குதுடி. ஆயிலு சிலிண்டருக்கே போவல. பாதி வழியிலயே திரும்பி ஓடுது."

அழுத்தம் மிஞ்சினால் மட்டும் திறக்க வேண்டிய வால்வு எப்போதும் திறந்தே கிடந்தது. பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை ஆட்டி மிச்ச அழுத்தத்தையும் போக்கினார்கள். வால்வின் மூடி துருவேறி இறுகியிருந்தது. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி இருவரும் தொங்கியும், அது அசையவே மதியமாகிவிட்டது.

உள்ளே ஓர் இரும்புத் துணுக்கு சிக்கியிருந்தது. எடுத்துவிட்டு மூட்டினார்கள். பக்கெட் இடுப்புயரம் வந்து மறுபடி நின்றது.

ரிஸ்வானா கரையைப் பார்த்தாள். "கூடையாலயே கொட்டிருக்கலாமோ?"

"கூடையால இது ஆகாது. திரும்பக் கழட்டு."

துணுக்கு கீறிவிட்ட வால்வின் விளிம்பை ஆதிரை மெல்லிய உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தாள். மீண்டும் மூட்டியபோது மணி இரண்டே முக்கால். நிறைந்த பக்கெட் தலைக்கு மேலே எழுந்தது. இருவரும் கத்தினார்கள்.

"ஒன் பங்க மொதல்ல முடி" என்றாள் ரிஸ்வானா. "கொறைச்சலான வேல அதான். ரெண்டும் அரைகுறையா நின்னா ரெண்டும் போச்சு."

ஆதிரை தயங்கினாள். தயங்கவும் நேரமில்லை. மூன்று இருபதுக்கு அவள் பங்கு வேண்டிய உயரத்தைத் தொட்டது. உடனே அடுத்த பங்குக்குத் திரும்பினாள். ரிஸ்வானா மண்வெட்டியோடு பக்கெட்டின் பின்னாலேயே ஓடி மண்ணைப் பரப்பினாள்.

நான்கு மணிக்கு அளவி வந்தது.

"நூற்றுப் பதினேழு, நிறைவு. நூற்றுப் பதினெட்டு, மூன்று சென்டிமீட்டர் குறைவு. கடலுக்கு விடப்படுகிறது."

அவ்வளவுதான். நாளை மறுநாள் கடலின் பெருநீர் ஏற்றம் வரும். அதற்குள் இரண்டு நிலங்களுக்கும் நடுவே எல்லையில் புதுக் கரை எழுப்ப வேண்டியது ஆதிரையின் கடமை. அவள் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னால முடியாது, ரிஸ்வானா."

"எறங்கு, நான் ஓட்டுறேன்."

ரிஸ்வானா ஏறி உட்கார்ந்து டிராக்டரைத் தன் வயலுக்குள் திருப்பினாள்.

"ஒன் வயல்லயா அள்ளப்போற?"

"நாளன்னிக்குத் தண்ணிக்கு அடியில கெடக்கப் போற மண்ணுதானே. ஒன் கரையிலயாவது நிக்கட்டும்."

பக்கெட்டை மண்ணுக்குள் இறக்கி லீவரை இழுத்தாள். லோடர் ஒரே மூச்சில் தூக்கியது. ஆதிரை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எல்லைக்கு ஓடினாள்.