சாம்பல் குதிரையின் செவி

தொட்டியிலிருந்த வாற்கோதுமையைச் சாம்பல் குதிரை தொடவில்லை. அதன் இடச்செவி பின்னோக்கித் திரும்பி, வெறுமையான சேணத்தின் மேலிருந்து யாரோ மெல்லப் பேசுவதைக் கேட்பதுபோல் தளர்ந்து நின்றது.

குதிரைக்காரர் புவஸ்ஸா தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். அஞ்சிய குதிரை செவிகளை முன்னால் நீட்டும். சினந்த குதிரை இரண்டையும் பிடரியோடு ஒட்ட மடக்கும். ஒரு செவியை மட்டும் இப்படி மென்மையாகப் பின்னே அனுப்புவது, முதுகில் இருப்பவருடைய சொல்லுக்குக் காத்திருக்கும்போதுதான். முதுகில் யாருமில்லை.

கூடாரத்துக்கு வெளியே, பாலைவனத்திலிருந்து வீசிய வெங்காற்று திருவிழாத் திடலின் செம்மண்ணை வாரி எழுப்பி, பிற்பகல் வெயிலைத் துருவின் நிறமாக்கியிருந்தது. புதினாத் தேநீரின் மணத்தையும் குதிரைச் சிறுநீரின் நெடியையும் மீறிக்கொண்டு வெடிமருந்தின் கந்தகம் நாவில் கசந்தது.

சென்ற ஆண்டு இதே திடலில்தான் அவருடைய தம்பி ஜிலாலி இறந்தான். திருவிழாவின் குதிரை விளையாட்டில், வரிசையாகப் பாய்ந்துவரும் வீரர்கள் ஒரே ஓசையாகத் துப்பாக்கிகளை வெடிக்க, குதிரைகள் அக்கணமே நிற்க வேண்டும். வெடிக்கும் முன்பே ஜிலாலியின் இதயம் நின்றுவிட்டது. தன் வீரனின் வெடியைக் கேட்டாலன்றி நிற்காதபடி அவன் பழக்கியிருந்த சாம்பல் குதிரை, பிணத்தைச் சுமந்துகொண்டு ஆற்றங்கரை வரை ஓடியது.

இன்று அவனுடைய இடத்தில், அதே குதிரையில் ஓடவிருப்பவள் புவஸ்ஸாவின் ஒரே மகள் யம்னா.

நேற்று மாலைப் பயிற்சியில், வரிசையில் நிற்க வேண்டியவர்களைப் பெயர் சொல்லி அழைத்த அணித் தலைவர் லஹ்சன், பழக்கத்தால் ஜிலாலியையும் அழைத்துவிட்டார். இறந்தவர் பெயரைச் சொன்னால் 'இறைவன் அவருக்கு இரங்கட்டும்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த முறை அது. அவர் சொல்லவில்லை. நின்றிருந்த அத்தனை பேரில் ஒருவரும் சொல்லவில்லை. உயிருள்ளவனை அழைத்தது போலாகிவிட்டது. கட்டியிருந்த சாம்பல் குதிரை, யாரும் தொடாமலே, வரிசையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது.

புவஸ்ஸா லஹ்சனிடம் போய் அதை எடுத்துச் சொன்னார். இந்தக் குதிரை இன்று ஓட வேண்டாம் என்று கெஞ்சினார்.

"வாய் தவறிடுச்சுய்யா. அதுக்காகச் செத்தவன் எந்திரிச்சு வந்து சேணம் கேக்கப் போறானா? உன் மூஞ்சியப் பாத்துதான் அது திங்காம நிக்குது. போய் டீயைக் குடி."

பக்கத்திலிருந்தவர்கள் தேநீர்க் குவளைகளுக்குள் சிரித்தார்கள்.

புவஸ்ஸா திரும்பி வந்து, குதிரையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, விடுபட்ட அந்த வேண்டுதலைத் தாமே சொன்னார். செவி அசையவில்லை. காற்றில் மற்றக் குதிரைகளின் சேணங்களில் தொங்கிய, கால் ஊன்றும் அங்கவடிகள் எல்லாம் ஆடி மணிபோல் ஒலித்துக்கொண்டிருந்தன. இதன் அங்கவடிகள் ஆடவில்லை. இரண்டும் கீழ்நோக்கி விறைத்திருந்தன. பாதங்கள் ஊன்றியவை போல.

யம்னா வெண்தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு, தோளில் நெடுந்துப்பாக்கியுடன் வந்தாள். அவள் நெருங்கியதும் அங்கவடிகள் தளர்ந்தன. ஆடத் தொடங்கின.

யாரோ இடம்விட்டது போல.

ஏற வேண்டாம் என்றார். சித்தப்பாவுக்காக ஓராண்டு பழகியதைக் காற்றுக்குப் பயந்து விடுவதா என்று கேட்டுவிட்டு, அவள் ஏறி அமர்ந்தாள். நாக்கைச் சொடுக்கிக் குதிரையிடம் பேசினாள். அதன் செவி அவளிடம் வரவில்லை. அவளையும் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் எதையோ கேட்டது.

வரிசை கூடியது. கடிவாளத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு புவஸ்ஸா குதிரையின் முகத்தருகே ஓரமாக நின்றார். சேணத்தின் பின்சட்டத்துக்கு அப்பால் குதிரையின் தோல் நடுங்கியது. அமிழ்ந்தது. பின்கால்கள் அகன்று ஊன்றின.

"பா, இடுப்புலேர்ந்து கையை எடுங்க," என்றாள் யம்னா, முன்னால் பார்த்தபடியே. "நான் விழ மாட்டேன்."

அவருடைய இரண்டு கைகளும் கடிவாளத்தில் இருந்தன.

"இறங்கு" என்று சொல்ல வாய் திறந்தார். லஹ்சனின் குரல் முந்திக்கொண்டது. தோல்வார் அவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. மண் அதிர்ந்தது. புழுதி. குளம்புகள். பிறகு ஒரே வெடி. யம்னாவின் துப்பாக்கியும் அதில் இருந்தது.

குதிரைகள் நின்றன.

ஒன்று நிற்கவில்லை.

புகையைக் கிழித்துக்கொண்டு, ஆற்றை நோக்கி, இன்னும் வெடிக்காத ஒரு துப்பாக்கிக்காகச் செவியைப் பின்னே திருப்பியபடி சாம்பல் குதிரை போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் இரண்டு வெண்தலைப்பாகைகள்.