சித்திரை வெயிலில் சாக்குப் போர்வை

வெள்ளைக்காரன் காலத்துச் சித்திரை மாதம், உச்சிவெயில். கானாடுகாத்தானில் செட்டியார் வீடு கட்டுகிற இடத்தில் எல்லோருக்கும் வேர்த்து ஒழுகியது. பொன்னுத்தாயி மட்டும் முதுகில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுண்ணாம்பு இடித்தாள்.

மற்றவர்கள் மூன்று போடு போட்டால் அவள் உலக்கை ஒரு போடு போட்டது.

"ஏ ஆமை!" என்று கத்தினார் கொத்தனார் சேவுகன். "இந்த வாரம் பாப்பேன். இதே லெச்சணம்னா வேற ஆளு வச்சுக்கிருவேன்."

கஞ்சிக் கலயத்தோடு வந்த முத்தழகுக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் பத்து வயது. போன வருசம் வரை பாட்டுப் பாடி எல்லோரையும் இடிக்க வைத்ததே அவள் அம்மா பொன்னுத்தாயிதான். இப்போது அந்தக் குரல் தவளைக் குரலாகிவிட்டது.

"ஏன் ஆத்தா முடியலை?"

"சோம்பேறியாப் போயிட்டேன்டி," என்றாள் பொன்னுத்தாயி. ஊர் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள்.

முத்தழகு நம்பவில்லை. தெருக்கோடி நாய் சோம்பேறிதான். அதுகூட வெயில் பட்டால் எழுந்து நிழலுக்குப் போகும். ஆத்தாவோ வெயிலைத் தேடி உட்காருகிறாள்.

அம்மாவின் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. கண்ணாடி வளையல் சதையில் புதைந்து கிடந்தது.

மறுநாள் சுண்ணாம்பு இறக்கிவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிய வெறும் மாட்டுவண்டியில் அம்மாவை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

"என்ன செய்யுது?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல, சோம்பல்தான்," என்றாள் பொன்னுத்தாயி.

"ஆத்தாவைக் கேக்காதீக, என்னையக் கேளுங்க!" முத்தழகு முன்னால் வந்தாள். "குரலு கட்டிப்போச்சு. பாதிக் கஞ்சிதான் குடிக்குது, உடம்பு மட்டும் ஊதுது. சித்திரையில குளுருதுங்குது. சோம்பேறிக்கு வெயில்ல குளுருமா?"

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பொன்னுத்தாயியைத் தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணினார். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. முத்தழகுக்கு எண்ணினார். தொண்ணூறு!

பிறகு பொன்னுத்தாயியை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார்.

"என்ன தாயி, செங்கல்லைத் தட்டிப் பாக்குற மாதிரி பாக்குறீக!" என்றாள் பொன்னுத்தாயி.

பாதம் துள்ளியது. ஆனால் ஆற அமரத்தான் பழைய இடத்துக்கு வந்தது.

"இது சோம்பல் இல்லை, நோய்," என்றார் டாக்டரம்மா. "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது சரியா வேலை செய்யலைன்னா உடம்பே மெதுவாயிடும். ஆட்டோட சுரப்பியிலேருந்து செஞ்ச மாத்திரை தாரேன். தினமும் சாப்பிடணும். நல்லாயிட்டாலும் நிறுத்தக் கூடாது."

"ஆடா? ஆத்தா மே மேன்னு கத்துமா?"

"கத்தாது. பாடும்."

திரும்பி வந்ததும் முத்தழகு நேராகக் கொத்தனார் முன் போய் நின்றாள். "ஆத்தாவுக்கு நோவு மாமா. மருந்து குடுத்துருக்காக. குணமாக ரெண்டு மூணு மாசமாகும்."

"அதுவரைக்கும் வேலை நிக்கவா?"

"வேகாத செங்கல்லைத் தூக்கி எறிஞ்சிருவீகளா? சூளையில வேகுற வரைக்கும் பொறுப்பீகள்ல?"

சேவுகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயாடி! சரி, அதுவரைக்கும் உங்காத்தா உக்காந்து மணல் சலிக்கட்டும்."

ஆடி பிறந்தது. சாக்கு ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. வளையல் குலுங்க, பொன்னுத்தாயியின் உலக்கை விழுந்தது. அவள் பாட்டு தெருமுனை வரை கேட்டது.

சேவுகன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பொன்னுத்தாயி, மெதுவா! இடிக்கச் சுண்ணாம்பு தீந்துபோச்சு!"

கஞ்சிக் கலயத்தை இறக்கி வைத்த முத்தழகு இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன மாமா, ஆமையைப் போயி மெதுவாங்குறீக?"